மோசெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கார் தொல்லை இல்லாத கிராவல் சைக்கிள் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனியின் ட்ரியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை மோசெல் ஆற்றை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை போகிறது. நீளம் சுமார் 200 கிலோமீட்டர். பாதைக் குறிகள் தெளிவாக இருக்கும், ஏற்றம் கிடையாது, இருபுறமும் திராட்சைத் தோட்டம். ஆனால் கிராவல் சைக்கிளோடு (சரளை, மண்பாதையில் ஓட்ட ஏற்ற அகல டயர் சைக்கிள்) அங்கே போய் இறங்குகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது கிட்டத்தட்ட முழுவதும் தார்ப் பாதை. பல இடங்களில் நெடுஞ்சாலையை ஒட்டியே போகும். பாதை தனியாக இருந்தாலும் கார், லாரி இரைச்சல் காதிலேயே இருக்கும். சரளைப் பாதையும் அமைதியும் வேண்டுமென்றால் தோட்டங்களுக்கு மேலே, காட்டின் விளிம்புக்கு ஏறிப் போக வேண்டும்.

அங்கே ஏறிப் போவதற்கான தகவல் ஒரே இடத்தில் இல்லை. விசா விதி ஒரு பக்கம், ரயிலில் சைக்கிள் ஏற்றும் விதி இன்னொரு பக்கம், காட்டுப் பாதை பற்றிய மாநிலச் சட்டம் வேறொரு பக்கம் கிடக்கிறது. பாதிக்குமேல் ஜெர்மன் மொழியில்தான். தேடியும், நிலையத்தில் நின்று கேட்டும், சில இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டும் நான் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். ஜெர்மனியில் வசிப்பவர்களையும் இந்தியாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மற்றதெல்லாம் இதை வைத்துத்தான். என் தேர்வு மே மாதம், ஜூன் முதல் பாதி, அப்புறம் செப்டம்பர் முதல் இரண்டு வாரம்.

குளிர்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வரும். கீழ்ப்பாதை சில இடங்களில் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால் மூழ்கிவிடும். தண்ணீர் வடிந்தபின்னும் வண்டல் சேறு வழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் வேறு தொல்லை. இந்தத் தோட்டங்கள் பெரும்பாலும் தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவுகள், மண் முழுக்கப் பலகைக்கல் சில்லு. அந்தக் கல் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாலையிலும் சூட்டைக் கக்கும். ஒரு மர நிழல்கூடக் கிடையாது. நம் ஊர் வெயிலைப் பார்த்த உடம்புதானே என்று நினைக்காதீர்கள். பதினைந்து சதவீத ஏற்றத்தில் அது வேறு கணக்கு.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய அறுவடை. பார்க்க அழகான காலம்தான், ஆனால் தோட்டப் பாதைகளில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். சில ஊர்களில் அந்த நாட்களில் வெளியாட்களுக்குத் தோட்டப் பாதைகளையே மூடிவிடுவார்கள். அறுவடைக் காலத்தில்தான் போவேன் என்றால் காட்டுப் பாதைகளை நம்பித் திட்டம் போடுங்கள். அக்டோபரில் காலைப் பனிமூட்டம் ஆற்றின்மேல் நெடுநேரம் நிற்கும், பொழுதும் சீக்கிரம் சாயும். ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் என்று போட்டு வைத்த திட்டத்தை 45-க்குக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சைக்கிள் ஏற்றும் பஸ்கள் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரைதான் ஓடும். அதற்கு வெளியே போனால் நான் கீழே சொல்லும் முதல் நாள் வழியே நடக்காது.

2. காகிதங்கள்

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) குறுகியகால விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, ஆனால் 45 நாள் வரை இழுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் சந்திப்பு நேரம் தேடினால் கிடைப்பது சிரமம். குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று: மலிவான பாலிசிகள் சிலவற்றில் "சாகச விளையாட்டு" என்று ஒரு விலக்கு இருக்கும். மண்பாதையில் சைக்கிள் ஓட்டுவது அதில் அடங்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விசாவுக்கு அந்தப் பாலிசி போதும், கை முறிந்தால் போதாது.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? மோசெல் பிரான்சில் பிறந்து லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு ஜெர்மனிக்குள் வருகிறது. மூன்றையும் சேர்த்துத் திட்டமிட்டால் அதிக நாள் தங்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. தங்குமிடப் பதிவுகள் அந்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஜெர்மனி விசா மறுத்தால் முன்பு இருந்த மறுபரிசீலனை மனு 2025 ஜூலையிலிருந்து கிடையாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம். ஆகவே முதல் தடவையே காகிதம் சுத்தமாக இருக்கட்டும்: நாள் வாரியான பயணத் திட்டம், ஊர்ப் பெயர்கள், தங்குமிடங்கள், சைக்கிள் வாடகைப் பதிவு. ரத்து செய்யக்கூடிய பதிவுகளாகப் பார்த்துப் போடுங்கள்.

ஜெர்மனியில் வசிப்பவர்களுக்கு ஒரு சொல். ஆற்றைக் கடந்தால் லக்சம்பர்க். பாலத்தில் ஏறி இறங்குவதுதான் என்று வதிவிட அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டும் அட்டையும் இரண்டும், அசலாக, நனையாத உறையில் இருக்க வேண்டும். விசாவுக்குப் பெயர் தந்த ஷெங்கன் கிராமமே இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அங்கே படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பொறுப்புக் காப்பீடு இல்லாத ஜெர்மனிவாசிகள் இந்தச் சாக்கில் எடுத்துவிடுங்கள். நீங்கள் ஓட்டும் சைக்கிள் ஒருவர்மேல் மோதினால் செலவு உங்கள் தலையில்தான். ஆண்டுக்கு நூறு யூரோவுக்குள் நல்ல பாலிசி கிடைக்கும்.

3. சைக்கிளை எடுப்பதும் சரிபார்ப்பதும்

விமானத்தில் சைக்கிளைக் கொண்டுவருவது பெட்டி, கட்டணம், பயம் என்று மூன்று தலைவலி. ஒரு வாரத்துக்குள்ளான பயணத்துக்கு வாடகையே மேல். கிராவல் சைக்கிளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 முதல் 50 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். பல நாள் எடுத்தால் குறையும். ஆற்றங்கரை ஊர்க் கடைகளில் அதிகம் இருப்பது மின்சார சைக்கிளும் சாதாரண டூரிங் சைக்கிளும்தான். கிராவல் வேண்டுமென்றால் ட்ரியர், கோப்லென்ஸ் போன்ற நகரங்களில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். முன்பணத்தைக் கடன் அட்டையில்தான் பிடிப்பார்களா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும்முன் பார்க்க வேண்டியவை இவை.

டயர் அகலம் 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. இந்தப் பகுதியின் பலகைக்கல் சில்லுகள் கூர்மையானவை, டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். டியூப்லெஸ் கிடைத்தால் எடுங்கள், உள்ளே ஓட்டையை அடைக்கும் திரவம் இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். அப்படியும் ஒரு மாற்று டியூப், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு தடித்த துண்டு, சிறு பம்பு மூன்றும் பையில் இருக்கட்டும். மேலே காட்டுக்குள் கடை ஒன்றும் கிடையாது.

கியர். ஆறு இருக்கும் உயரத்துக்கும் மேலே உள்ள பீடபூமிக்கும் 250 முதல் 300 மீட்டர் வித்தியாசம். அதைச் சில கிலோமீட்டரில் ஏறுகிறீர்கள். முன்பல் எண்ணிக்கையைவிடப் பின்பக்கத்துப் பெரிய சக்கரத்தின் பல் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். முன்னே 30, பின்னே 34 என்றால் தாராளம். முன்னே 46, பின்னே 28 என்று ஒரு ரேஸ் சைக்கிளைக் கிராவல் என்று தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிரேக் டிஸ்க்காக இருக்க வேண்டும், பட்டை தேயாமல் இருக்க வேண்டும். ஏற்றத்தை விட இறக்கம்தான் இங்கே ஆபத்து. அப்புறம் மணியும் விளக்கும். கிராவல் சைக்கிள்கள் பலவும் இவை இல்லாமலே வரும். ஜெர்மனியில் மணி கட்டாயம், இருட்டில் விளக்கு கட்டாயம். விளக்கு இல்லாமல் பிடிபட்டால் 20 யூரோ அபராதம். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 55 யூரோ, ஆகவே ஹேண்டில்பாரில் பொருத்தும் பிடிப்பான் ஒன்று வாங்கிவிடுங்கள். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. போடுங்கள்.

4. வரைபடத்தில் சரளைப் பாதையைக் கண்டுபிடியுங்கள்

"கிராவல்" என்று தேர்ந்தெடுத்துச் செயலி கொடுக்கும் வழியை அப்படியே நம்பினால் ஒன்று தார்ச் சாலையில் விடும், இல்லாவிட்டால் சைக்கிளைத் தோளில் தூக்கவேண்டிய ஒற்றையடிப் பாதையில் விடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தகவலை நேரே பாருங்கள். அதில் மண்பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் போட்டிருப்பார்கள். தரம் 1 தார் அல்லது கான்கிரீட். தரம் 2 கெட்டியான சரளை, நமக்கு வேண்டியது இதுதான். தரம் 3 சரளையும் மண்ணும் கலந்தது, காய்ந்த நாளில் நன்றாக இருக்கும். தரம் 4, 5 புல்லும் சேறும், மழைக்குப் பிறகு பக்கமே போக வேண்டாம். சைக்ளோஎஸ்எம் (CyclOSM) என்ற வரைபட வடிவில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கைக் குறுக்குவெட்டாகப் பார்த்தால் மூன்று அடுக்கு. கீழே ஆறும் சைக்கிள் பாதையும். நடுவில் திராட்சைத் தோட்டங்களின் வேலைப் பாதைகள், இவை பெரும்பாலும் கான்கிரீட் அல்லது தார், ஆங்காங்கே சரளை. மேலே காட்டின் விளிம்பிலும் காட்டுக்குள்ளும் நிஜமான சரளை. காலையில் ஒரு முறை மூன்றாம் அடுக்குக்கு ஏறி, அங்கேயே கிடைமட்டமாக ஓட்டி, மாலையில் ஒரே இறக்கமாக ஊருக்கு வருவது நல்ல திட்டம். ஒவ்வொரு கிராமத்துக்கும் இறங்கி ஏறினால் மதியத்துக்குள் கால் ஓய்ந்துவிடும்.

வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாக (வழித்தடத்தைச் சேமிக்கும் கோப்பு) இறக்கி, வரைபடத்தையும் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். ஆற்று வளைவுகளிலும் காட்டிலும் சிக்னல் போய்ப் போய் வரும்.

5. பலகைகளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கார் இல்லாத பாதை என்பது இங்கே பெரும்பாலும் "விவசாய வண்டிகளுக்கு மட்டும்" என்று குறிக்கப்பட்ட பாதை. வட்டமான வெள்ளைப் பலகை, சிவப்பு ஓரம், உள்ளே மோட்டார் சைக்கிளும் காரும் வரைந்திருந்தால் மோட்டார் வண்டிகளுக்குத் தடை, நீங்கள் போகலாம். அதே வட்டம், உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தால் எல்லா வண்டிக்கும் தடை, சைக்கிளுக்கும் சேர்த்து. அதன்கீழ் சிறு பலகையில் சைக்கிள் படம் போட்டு விலக்கு கொடுத்திருந்தால் போகலாம், இல்லாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இரண்டு வட்டமும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும், நின்று பாருங்கள்.

காட்டுக்குள், இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநிலத்தின் சட்டம் செல்லும். சாலைகளிலும் காட்டு வண்டிப் பாதைகளிலும் சைக்கிள் ஓட்டலாம். நடைபாதைகள், ஒற்றையடிப் பாதைகள், மரம் இழுக்கும் தடங்கள் இவை காட்டுப் பாதைக் கணக்கில் வராது, அங்கே ஓட்டக் கூடாது. செயலியில் யாரோ ஓட்டிய தடம் பதிவாகியிருக்கிறது என்பது அனுமதி ஆகாது. ப்ரெம் ஊருக்கு மேலே கால்மோன்ட் சரிவில் இரும்புக் கயிறும் ஏணியும் வைத்த நடைவழி ஒன்று உண்டு. வரைபடத்தில் தோட்டத்தின் நடுவே போகும் அழகான கோடாகத் தெரியும். ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் அது ஒன்று. சைக்கிளோடு அதன் பக்கம் திரும்பாதீர்கள்.

6. மூன்று நாள் திட்டம்

முதல் நாள், உடம்பைப் பழக்க: ரயிலில் விட்லிஷ் நிலையம், அங்கிருந்து சைக்கிள் ஏற்றும் பஸ்ஸில் ஐஃபல் மலைப்பகுதியில் இருக்கும் தௌன். தௌனிலிருந்து பெர்ன்காஸ்டல்-கூஸ் வரை 58 கிலோமீட்டர், பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக மாற்றியது. சுரங்கங்கள், உயரமான பாலங்கள் வழியே மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். சரளை குறைவுதான். ஆனால் வாடகைச் சைக்கிளின் சீட் உயரம், பிரேக், பை கட்டிய விதம் எல்லாம் சரியா என்று பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும், மெல்லிய ஜாக்கெட்டைப் பையின் மேலே வையுங்கள்.

இரண்டாம் நாள் நிஜமான கிராவல். பெர்ன்காஸ்டலுக்கும் ட்ராபன்-ட்ராபாக்குக்கும் நடுவே ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. ஆற்றோரமாகப் போனால் இருபது கிலோமீட்டருக்குமேல். நடுவிலிருக்கும் மலையைத் தாண்டினால் தூரம் மிகக் குறைவு. பெர்ன்காஸ்டலிலிருந்து தோட்டப் பாதையில் ஏறி, க்ராஹ் ஊருக்கு மேலேயுள்ள முகட்டைத் தாண்டி, காட்டுப் பாதையில் மறுபக்கம் இறங்குங்கள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே நின்றால் ஹோக்மோசல் பாலம் தெரியும் இடங்கள் உண்டு. ஆற்றிலிருந்து 160 மீட்டர் உயரத்தில், 1.7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பள்ளத்தாக்கைத் தாண்டும் நெடுஞ்சாலைப் பாலம், 2019-ல் திறந்தது. பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள், எனக்குப் பிடிக்கும். கார்களையெல்லாம் அங்கே மேலே அனுப்பிவிட்டால் நல்லதுதானே.

ட்ராபன்-ட்ராபாக்கில் மதிய உணவு. அப்புறம் ஆற்றோரமாக ப்யூண்டரிஷ் வழியே போய்ப் புல்லாயில் இரவு தங்கல். ப்யூண்டரிஷுக்கு எதிர்க்கரையில் 92 வளைவுகள் கொண்ட ரயில் பாலம் மலைச் சரிவோடு ஒட்டிப் போகும். காலில் தெம்பு மிச்சமிருந்தால் மரியென்பர்க் முகட்டுக்கு ஏறலாம். ஆறு ஒரே இடத்தைச் சுற்றித் திரும்பிப் போவது அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும்.

மூன்றாம் நாள் புல்லாயிலிருந்து நேஃப், ப்ரெம், எடிகர்-எல்லர், பைல்ஷ்டைன் வழியே கோகெம். இங்கே கீழ்ப்பாதையே அழகு, ஏற வேண்டிய அவசியமில்லை. மழை பிடித்துக்கொண்டால் எடிகர்-எல்லரில் ரயில் ஏறுங்கள். அங்கிருந்து கோகெம் வரை ஆறு இருபது கிலோமீட்டருக்குமேல் சுற்றிக்கொண்டு போகிறது. ரயில் 4.2 கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்து ஒரு சில நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கோகெமிலிருந்து கோப்லென்ஸ் வரை சைக்கிளில் போவதா? நான் ரயிலில்தான் போவேன். அந்தப் பகுதியில் நெடுஞ்சாலைச் சத்தம் அதிகம்.

7. ரயில், பஸ், படகு

ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே வட்டார விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இந்த மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் வாரநாட்களில் காலை 9 மணிக்குப் பிறகும், வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் முழு நாளும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. வாரநாளில் 9-க்கு முன் ஏறினால் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வேண்டும். 8.50 ரயிலுக்கு ஓடாமல் ஒரு காபி குடித்துவிட்டு அடுத்ததில் ஏறுங்கள்.

ஜெர்மனி டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் மாதச் சீட்டு) வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. அது ஆளுக்கு மட்டும், சைக்கிளுக்கு அல்ல. நீண்டதூர விரைவு ரயில்களில் செல்லாது. அது சந்தா என்பதால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். சுற்றுலா வருகிறவர்கள் ஒரு மாதத்துக்கு எடுத்துவிட்டு மறந்து போவது இங்கேதான். இரண்டு, மூன்று பேராகப் போனால் ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநில ஒருநாள் டிக்கெட்டை விலை பாருங்கள். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். வாரநாளில் அதுவும் 9 மணிக்குப் பிறகுதான்.

சைக்கிள் இலவசம் என்றாலும் இடம் உறுதி இல்லை. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முதல் உரிமை. ஞாயிறு மாலை நான்கு முதல் ஏழு மணி ரயில்களில் நிற்கவே இடம் இருக்காது, நடத்துநர் இறக்கிவிட்டால் வாதாட முடியாது. திரும்பும் நாளைத் திங்களாக வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

ட்ராபன்-ட்ராபாக்குக்கு மேலே ஷ்வைஷ் வரை ஆற்றை ஒட்டி ரயிலே கிடையாது, தடம் விட்லிஷ் வழியே உள்ளே போய்விடுகிறது. அந்த இடைவெளியில் கை கொடுப்பது ரெகியோராட்லர் என்ற பஸ். பின்னால் சைக்கிள் இழுவை வண்டியோடு வரும். தௌன் போகும் பஸ்ஸும் இதே பெயர்தான். சைக்கிளுக்குச் சில யூரோ தனி. இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள், மே மாத விடுமுறை நாட்களில் பதிவு இல்லாமல் நிற்பது சூதாட்டம்.

சிறு படகுத்துறைகள் பைல்ஷ்டைன், ப்யூண்டரிஷ் போன்ற ஊர்களில் உண்டு. சில்லறையாகப் பணம் வையுங்கள். மாலையில் படகு நின்றபின் அடுத்த பாலம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைத் தங்குமிடத்தில் காலையிலேயே கேளுங்கள்.

8. தங்குமிடமும் செலவும்

பெட் உண்ட் பைக் என்ற முத்திரை உள்ள விடுதிகளைத் தேடுங்கள். ஜெர்மன் சைக்கிள் சங்கம் தரும் முத்திரை அது. ஒரே இரவு தங்குபவரையும் ஏற்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தர வேண்டும் என்பது அதன் விதி. மற்ற விடுதிகள் பல வார இறுதியில் இரண்டு இரவுக்குக் குறைந்து தராது, ஊர் மாறிக்கொண்டே போகும் நமக்கு அது ஒத்துவராது. இருவர் அறைக்குச் சுமார் 80 முதல் 120 யூரோ, பெரும்பாலும் காலை உணவோடு. ட்ரியர், பெர்ன்காஸ்டல்-கூஸ், ட்ராபன்-ட்ராபாக், கோகெம், கோப்லென்ஸ் எல்லாவற்றிலும் இளைஞர் விடுதி உண்டு, தனியாள் என்றால் அதுவே மலிவு. உறுப்பினர் அட்டை கேட்பார்கள். கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லை, முகாம் மைதானத்தில்தான் போட வேண்டும்.

வாடகைச் சைக்கிள், படுக்கை, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 120 முதல் 150 யூரோ வைத்துக்கொண்டால் நெருக்கடி இருக்காது. சொந்தச் சைக்கிளும் இளைஞர் விடுதியும் என்றால் அதில் பாதியளவுக்கு இறக்கலாம். ரொக்கம் கையில் இருக்கட்டும், தோட்டக்காரர்களின் சிறு உணவகங்களில் அட்டை ஏற்காத இடங்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, வாழைப்பழம், தண்ணீர் வாங்கி வையுங்கள். மேல் அடுக்கில் தண்ணீர்க் குழாய் கிடையாது. இரண்டு பாட்டில் நிரப்பாமல் ஏறாதீர்கள். கிராமத்துக் கல்லறைத் தோட்டக் குழாய்களில் "குடிக்க உகந்ததல்ல" என்ற பொருளில் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

9. தோட்டத்துக்குள் நடந்துகொள்ளும் முறை

நீங்கள் ஓட்டுவது ஒருவருடைய வேலையிடம். டிராக்டர் வந்தால் முழுதாக ஓரங்கட்டி நில்லுங்கள், அது மேலே ஏறிக்கொண்டிருந்தால் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவது அவர்களுக்குச் சிரமம். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை செங்குத்துச் சரிவுகளில் ஹெலிகாப்டரிலிருந்து பூஞ்சைக் கொல்லி தெளிப்பார்கள், இப்போது ட்ரோனும் உண்டு. சத்தம் கேட்டாலோ பாதை மூடிய பலகை தெரிந்தாலோ திரும்பிவிடுங்கள். பழம் பழுக்கும் காலத்தில் திடீரென்று வேட்டுச் சத்தம் கேட்கும். பறவை விரட்டும் கருவி, பயந்து ஹேண்டிலை விட்டுவிடாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் குலை தொங்கினாலும் பறிக்காதீர்கள். அது திருட்டு, மருந்து தெளித்ததாகவும் இருக்கும்.

இறக்கத்தில் இரண்டு பொறி. கான்கிரீட் பாதைக்குக் குறுக்கே மழைநீர் வடிய வெட்டிய கால்வாய்கள், சில இரும்புச் சட்டத்தோடு. சாய்வாகப் போட்டிருப்பார்கள், சக்கரத்தை நேராகத் திருப்பித் தாண்டுங்கள். இன்னொன்று, தோட்டக்காரர்கள் சாமான் ஏற்றும் ஒற்றைத் தண்டவாளம். பாதையை ஒட்டிக் கணுக்கால் உயரத்தில் போகும், இலைக்குள் மறைந்திருக்கும்.

10. ஒயினும் சட்டமும்

தோட்டக்காரர்கள் ஆண்டில் நான்கு மாதம் வரை தங்கள் வீட்டிலேயே ஒயினும் எளிய சாப்பாடும் விற்கலாம். ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்பார்கள். வாசலில் விளக்குமாறோ பூங்கொத்தோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். விலை குறைவு, பேச்சுத் துணையும் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய சுட்ட ரொட்டியைக் கேட்கும்போது பன்றி இறைச்சி இல்லாமல் என்று சொல்ல மறக்காதீர்கள், வழக்கமாக அதன்மேல் தூவித்தான் வரும்.

குடித்துவிட்டு ஓட்டுவது சைக்கிள்தானே என்று நினைப்பவர்களுக்கு: ஜெர்மனியில் இரத்தத்தில் ஆல்கஹால் 1.6 புரொமில்லை (ஆயிரத்தில் 1.6 பங்கு) எட்டினாலே சைக்கிளிலும் குற்றம். தள்ளாடினாலோ விபத்து நடந்தாலோ 0.3-லிருந்தே வழக்கு வரலாம். கார் ஓட்டுநர் உரிமத்துக்கும் வினை வரும், வதிவிட அனுமதியில் இருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். பகலில் திராட்சைச் சாறு, இரவு தங்குமிடத்தில் ஒயின் என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. செப்டம்பரில் ஃபேடர்வைஸர் என்று பாதி நொதித்த புதுச் சாறு விற்பார்கள். இனிப்பாக இருக்கும், போதை ஏறுவது தெரியாது. நொதித்துக்கொண்டே இருப்பதால் பாட்டிலை இறுக மூட மாட்டார்கள். சைக்கிள் பையில் சாய்த்து வைத்தால் பாஸ்போர்ட் உட்பட எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

11. ஏதாவது ஆகிவிட்டால்

அவசர எண் 112, கட்டணம் இல்லை. காட்டுக்குள் இடம் சொல்வதுதான் கஷ்டம். காட்டுப் பாதைச் சந்திப்புகளில் எண் போட்ட பச்சை மீட்புப் பலகைகள் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் எங்கே வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கடந்து போகும்போது ஒவ்வொரு பலகையையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டே போங்கள். வாடகைச் சைக்கிள் உடைந்தால் முதலில் கடைக்குப் பேசுங்கள், நீங்களாக வேறு கடையில் கொடுத்துப் பழுது பார்த்தால் முன்பணம் திரும்பி வருவது சிக்கலாகும். சைக்கிளை எடுத்த அன்றே நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தால், பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்க முடியாது.